பதினொன்றாவது கேள்வி

நர்ஸ் ஜோவிதாவின் கையில் பத்துக் கேள்விகள் இருந்தன. பிள்ளை பெற்றவளிடம் மட்டும் கேட்க வேண்டிய கேள்விகள். ஆனால் கருமத்தம்பட்டியில் அந்த வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது பிள்ளை பெற்றவளின் புருஷன் தங்கராஜ்.

"தூக்கம் வருதா, அம்மணி?"

"படுத்தா எந்திரிக்கவே மாட்டாளுங்க" என்றார் தங்கராஜ்.

"சும்மா சும்மா அழுகை வருதா?"

"அழுவறதெல்லாம் பையன்தானுங்க."

"தையல் போட்ட எடம் வலிக்குதா?"

"ஆறிப்போச்சுங்க."

யாருக்குப் போட்ட தையல் என்று கேட்க ஜோவிதாவுக்கு வாய் நமநமத்தது. சொந்தத் தறி ஓட்டுகிற மனுஷன். நல்லவர்தான், வாய்க்குத்தான் பிரேக் இல்லை. மனைவி ஜெயக்கொடியோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இல்லாத பெண், தாய்வீட்டுக்குப் போய் இளைப்பாற வழியில்லை. மடியில் நாற்பது நாள் பிள்ளை வீறிட்டது. அவள் கை அதைத் தட்டிக்கொடுக்கவே இல்லை. அது ஜோவிதாவுக்குப் பிடிக்கவில்லை.

"பதினொண்ணாவது கேள்வி அப்பாவுக்குங்க" என்று கூசாமல் புளுகினாள். "வாசல்ல, ஜன்னல்ல எனக்குத் தெரியற மாதிரி, கொழந்தைய வெச்சுட்டு அரைமணி நேரம் நடக்கோணும். வேற யாருகிட்டயும் குடுக்கக்கூடாது. ஃபாரத்துல எழுதோணுமுங்க."

அரசாங்கச் சோதனை என்றதும் தங்கராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினார்.

ஜோவிதா முதல் கேள்வியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இரண்டாவதிலேயே ஜெயக்கொடி உடைந்துபோனாள்.

"நேத்து இவனத் தூக்கிட்டுப் போயி தண்ணித்தொட்டி மூடியத் தெறந்துபோட்டேனுங்க. உள்ள போட்டுட்டா தூங்கலாம்னு இருந்துச்சுங்க."

ஜோவிதா திட்டவில்லை, பதறவில்லை. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வாயத் தெறந்து சொன்னியே கண்ணு, அது போதும். இது ஒரு நோவு, மருந்து இருக்குது. இன்னைக்கே டாக்டரப் பாக்கறோம். அதுவரைக்கும் கொழந்தையோட நீ தனியா இருக்க வேண்டாம்."

பன்னிரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, சட்டை நனைய தங்கராஜ் உள்ளே வந்தார்.

"நிறுத்தவே மாட்டீங்கறானுங்க! ஆட்டுனேன், பாடுனேன். ஒரு நிமிசம் அப்படியே கீழ வீசிப்போடலாம்னு..."

சொன்னது தன் வாய்தானா என்று திகைத்து நின்றார். பிள்ளையை ஜோவிதா மெல்ல வாங்கிக்கொண்டாள். அவர் மனைவியைப் பார்த்தார்.

"உனக்கும் இப்படித் தோணுமா?"

"தெனமுங்க" என்றாள் ஜெயக்கொடி.

இன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும் என்று ஜோவிதா சொல்லி முடிப்பதற்குள் தங்கராஜ் வீடெல்லாம் வண்டிச் சாவியைத் தேடினார். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.