கிட்டத்து மரத்தில் நீலம்

உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கபிரியேலுக்குத் தீக்காவல் வேலை. மாசி, பங்குனி முழுக்கப் பாறை மேலிருக்கும் கொட்டகையில் உட்கார்ந்து, எத்தனை மலை தெரிகிறது என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும். தெளிந்த நாளில் ஐந்து. பத்து நாளாக இரண்டுதான்.

மழை இல்லை. கம்பம் பக்கத்துப் புழுதியும் சூளைப் புகையும் ஏறி வந்து, விடிகாலைக் குளிரில் மூடி போட்ட சட்டிக்குள் கிடப்பதுபோலத் தங்கிவிடுகின்றன. அதில் ஈரமும் சேர்ந்து தூசி பருத்தால் போச்சு, மூட்டந்தான். பச்சை வெளிறும், அடுத்த மலை நீலமாகும், அதற்கடுத்தது சாம்பல், அப்புறம் மலையே கிடையாது. இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அத்துப்படியாக இருந்து என்ன செய்ய?

போன வருஷம் இதே மாசியில், காலை பத்து மணிக்குக் கீழ்ச்சரிவில் நீலம் தெரிந்தது. 'மூட்டம்' என்று எழுதிவிட்டுக் காப்பி குடித்தார். அது தீ. அந்தச் சரிவுக்கு விறகு பொறுக்கப் போன அவர் மனைவி செபமாலையம்மாள் திரும்பவில்லை. இந்த மூட்டத்தில் யார் கண்ணுக்குத் தெரியும் என்று தோட்டத்தில் சொன்னார்கள், விசாரணைக்கு வந்தவர்கள் சொன்னார்கள், அடக்கம் முடிந்ததும் ஃபாதரும் சொன்னார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருஷமாகச் சாப்பிட்டார், தூங்கினார். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

இன்று அதே சரிவில் மகள் ஜிஜியும் பதினைந்து பெண்களும் ஏலச்செடியில் சருகு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணி வாக்கில் அதே இடத்தில் நீலம்.

கை பழக்கத்தில் 'மூட்' வரைக்கும் எழுதிவிட்டது. கண் மட்டும் அங்கிருந்து நகர மறுத்தது. மூட்டத்து நீலம் தூரத்துக்கு உள்ளது. நடுவே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் காற்று கிடந்தால்தான் மலை அந்த நிறத்துக்கு வரும். இந்த நீலம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லாத கரும்பச்சைப் பலாமரங்களுக்கு முன்னால் நின்றது. அங்கே அதற்கு என்ன வேலை? மரத்தைத் தாண்டி வானத்துக்கு ஏறிய இடத்தில் அது பழுப்பாக மாறியது. மூட்டம் அப்படி மாறாது, புகைதான் மாறும்.

கங்காணி யாக்கோபுக்குப் போன் போட்டார். யாக்கோபு ஆட்களோடு ஓடினார். கால் மணி நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். பாலில்லாத கட்டங்காப்பி போடப் பெண்கள் காய்ந்த சுள்ளியில் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள், அணைத்தாயிற்று, யாருக்கும் ஒன்றுமில்லை.

"இத்துனூண்டு புகை அண்ணாச்சி. இந்த மூட்டத்துலயும் கண்டுபிடிச்சிட்டீரே" என்றார்.

மனமாரச் சொன்ன பாராட்டுத்தான். கபிரியேல் போனை வைத்தார்.

சாயங்காலம் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில் ஜிஜி சோறு போட்டாள். கங்காணியிடம் வாங்கிய வசவைச் சொல்லிச் சிரித்தாள். அப்பா சோற்றில் கையே வைக்காததைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"அன்னைக்கும் இதே நெறந்தான் தாயி" என்றார். "மரத்துக்கு முன்னால நீலம். மேல பழுப்பு. நான் பாத்தேன்."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஜிஜி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்த மூட்டத்துல யாருக்குப்பா..." என்று ஆரம்பித்தவள், அதோடு நிறுத்திவிட்டாள்.