இடதுபக்க சீட்டு

லோகுவுக்கு அன்று காலை நாஷ்டா இறங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயசு மனுஷனுக்கு ஒரு டப்பாவின் மேல் இத்தனை கோபம் வரலாமா என்று கேட்டால், வரத்தான் வந்தது. வாசலில் ஜீப் வந்து நின்றது. தானியேல் வண்டியை விட்டு இறங்காமலே, "வாடா, பார்த்திபன் கடைக்குப் போயி அந்த ஜிபிஎஸ்ஸ பாத்துகினு வந்துரலாம். நீதான் செலக்ட் பண்ணணும்" என்று கத்தினான்.

இவன் செலக்ட் பண்ணணுமாம்! இருபத்தாறு வருஷமாக அந்த ஜீப்பில் வழி சொல்லிக்கொண்டு வருகிறவன் லோகு. அவன் இடத்துக்கு வரப்போகிற டப்பாவை அவனே பொறுக்கி எடுத்துத் தர வேண்டுமாம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

"இன்னாத்துக்குடா அது? உன் போன்ல இல்லாத மேப்பா?"

தானியேல் அவன் முகத்தையே உற்றுப் பார்த்துக் கேட்டுவிட்டு, "போனு வெயில்ல கொதிச்சு ஆஃப் ஆயிடுது. தோப்பாண்ட போனா டவரும் இல்ல. இது நேரா சேட்டிலைட்டுலேர்ந்து எடுக்கும்டா" என்றான்.

லோகு கதவுக் கம்பியைக் கையால் தேடிப் பிடித்து ஏறி உட்கார்ந்தான். அந்த இடதுபக்க சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. தானியேலின் மனைவி ஏஞ்சல்கூடப் பின்னால்தான் ஏறுவாள். "அது லோகண்ணன் எடம். நமக்கு எதுக்கு அந்த வம்பு?" என்பாள். சீட்டின் ரெக்சின் அவன் உடம்புக்கு ஏற்றமாதிரி பள்ளம் விழுந்து கிடந்தது.

வண்டி சிப்காட் ரோட்டில் போனது. கண்ணை மூடினால் லோகுவுக்கு இந்த ரோடு இன்னும் நன்றாகத் தெரியும். இப்போது காம்பவுண்டு சுவராக நிற்கிற இடமெல்லாம் அப்போது வெட்ட வெளி. அவர்கள் இரண்டு பேரும் ஒரே மாசத்தில் ரோலிங் மில்லில் சேர்ந்தார்கள். தானியேல் மேலே கிரேன் கேபினில். லோகு கீழே தரையில் நின்று அவனுக்கு சிக்னல் கொடுக்கிறவன். அடுப்பிலிருந்து வரும் இரும்பு செக்கச் செவேலென்று ஓடும்போது மில் போடுகிற சத்தம் இருக்கிறதே, பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஏறாது. எல்லாம் கைதான். விரலைச் சுற்றினால் தூக்கு. முஷ்டியை மடக்கினால் நில். கேபினில் இருப்பவன் காதைப் பொத்திக் காட்டினால், 'மணி அடிச்சியா? எனக்குக் கேக்கல' என்று அர்த்தம். கீழே இருப்பவன் உள்ளங்கையால் கண்ணை மூடிக் காட்டினால், 'புகை மறைக்குது, எனக்கு சரக்கு தெரியல, அப்படியே நிறுத்து'. அந்த இரண்டு சைகையில் எது வந்தாலும் கிரேன் நின்றே தீர வேண்டும். காட்டுவதில் வெட்கம் கிடையாது. தெரியாததைத் தெரிந்தமாதிரி காட்டுகிறவனைத்தான் மில்லில் யாரும் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள்.

மில் தன் பழைய ஜீப்பைக் கழித்துக் கட்டியபோது இரண்டு பேருமாகச் சேர்ந்து எடுத்தார்கள். அட, என்ன நாட்கள் அவை! ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டில் கால் தரிக்காது. ஆரணியாற்று மணலில் இறங்குவார்கள். ஆந்திரா எல்லைக் காட்டுக்குள் புகுந்து, தெலுங்கில் வழி கேட்டு, புரியாமல் தலையாட்டி, இன்னொரு தடவை தொலைந்து போவார்கள். கடைசியில் எப்படியும் பழவேற்காட்டுப் பக்கம் சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடலோரத்தில் அஞ்சம்மாள் வறுத்துத் தரும் மடவை மீனில்தான் அந்த நாள் முடியும். ஜீப்பின் சத்தமும் மில்லுக்கு இளைத்ததில்லை. அதனால் அங்கேயும் கைதான். தானியேலின் இடது தோளில் லோகு ஒரு தட்டுத் தட்டினால் இடது, இரண்டு தட்டினால் வலது, அழுத்திப் பிடித்தால் நில். ஊரே ஒரு பக்கம், லோகுவின் கை ஒரு பக்கம் என்றால் தானியேல் கைக்குத்தான் கட்டுப்படுவான்.

அந்தத் தோப்பு வழிக்கு ஒரு கணக்கு இருந்தது. கிழக்கே ஓட்டிக்கொண்டே தெற்கில் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்தபடி வர வேண்டும். அவற்றில் இவர்கள் குறி வைத்த இரண்டும் நெருங்கி நெருங்கி, ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்து ஒரே புகைபோக்கியாகத் தெரியும் இடத்தில் இடது பக்கம் திரும்பினால் கெட்டி மணல். அதற்கு முன்னால் திரும்பினால் சேறு. இத்தனை வருஷத்தில் லோகுவுக்கு ஒரு தடவைகூடக் கணக்கு தப்பியதில்லை.

போன மாசம் தப்பியது. புகைபோக்கி ஒன்றாகத்தான் தெரிந்தது, தட்டினான், வண்டி அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. இழுக்க வந்த டிராக்டர்காரன், "இன்னாண்ணா, ரெண்டும் தனித்தனியா நிக்குது, அதுக்குள்ள திரும்பிட்டீங்களே!" என்றான். தானியேல் இடுப்பில் கை வைத்துத் தெற்கே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். திட்டியிருந்தால்கூட லோகுவுக்கு மனசு ஆறியிருக்கும்.

லோகுவின் கண்ணுக்கு இப்போதெல்லாம் எந்த இரண்டும் ஒன்றுதான். சர்க்கரை கண்ணில் ஏறிவிட்டது. திருவள்ளூரில் கண் டாக்டர், இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் மனைவி திலகவதிக்கு மட்டும் தெரியும். "தானியேல் அண்ணனாண்ட சொல்லிடுயா" என்று அவளும் தினம் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொல்லுவான்? கண் தெரியாதவனுக்கு வழிகாட்டி சீட்டில் என்ன வேலை? உடம்பில் எது போனாலும் போகட்டும், அந்த சீட்டு போனால் அவனால் தாங்க முடியாது.

பார்த்திபன் கார் உதிரி சாமான் கடை வைத்திருந்தான். காடு மேடு சுற்றுகிற வண்டிக்காரர்கள் எல்லாரும் அவனிடம்தான் வருவார்கள். இரண்டு பேரையும் உட்கார வைத்து டீ சொல்லிவிட்டு, மூன்று கருவிகளை மேஜையில் பரப்பினான்.

லோகு வந்ததே குறை சொல்லத்தான். முதல் கருவியைக் கையில் வாங்கித் திருப்பினான். "இது சோப்பு டப்பா மாரி வழுக்குது. ஜீப்பு போடற ஆட்டத்துக்கு ஒரு குலுக்குல கீழ வுழுந்துரும்."

"அதுக்கு ஸ்டாண்டு இருக்குது அண்ணா."

"இது?"

"இது தண்ணி பூந்தாலும் ஒண்ணும் ஆவாது. ஆனா பேட்டரி ஒரு நாளைக்கு மேல நிக்காது."

"அப்ப வேணாம். நம்ம வண்டியில சார்ஜ் ஏறறதே பேஜாரு" என்று தள்ளினான். தானியேல் டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது கொஞ்சம் பெரியது. லோகு அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தள்ளிப் பிடித்து, தலையைச் சாய்த்து நன்றாகப் பார்த்தான். "இன்னாய்யா மேப்பு இது? கோடு கோடா போட்டு வெச்சிக்கிறான். நம்ம தோப்பு ரோட்டையே காணோம். எல்லாம் பழைய மேப்பு. ஒண்ணுத்துக்கும் ஒதவாது."

பார்த்திபன் வாயைத் திறந்தான். "அண்ணா, அது இன்னும் ஆன்…" என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

லோகுவுக்குச் சுருக்கென்றது. விரலால் தடவினான். கண்ணாடியின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கவில்லை. கருவிக்கு உயிரே கொடுக்கவில்லை.

அவமானத்தில் காது மடல் எரிந்தது. கருவியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து கடை வாசலுக்குப் போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவனால் அதைச் சொல்ல முடிந்தது.

"ஆமாண்டா தானியேலு. எனக்குக் கண்ணு தெரியல. அன்னிக்கு சிம்னி ஒண்ணாவல, என் கண்ணுலதான் ஒண்ணாச்சு. டப்பாவ வாங்கிக்கோ. என் சீட்டுல மாட்டிக்கோ. நான் பஸ்ஸுல ஊட்டுக்குப் போறன்."

சொல்லிவிட்டான். லாரி ஒன்று போனது, இன்னொன்று போனது. கடைசியில் தானியேல் குரல் வந்தது, சாவகாசமாக: "பார்த்திபா, இது வாயத் தொறந்து பேசுமா?"

அடப்பாவி! உயிரைப் பிய்த்து வைத்தமாதிரி ஒருத்தன் சொல்கிறான், இவன் டப்பா பேசுமா என்று கேட்கிறானே! லோகு கொதித்துப்போய்த் திரும்பினான். பார்த்திபன் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தாளைப் பிரித்துக் கருவியை உயிர்ப்பித்து, சத்தத்தை முழுசாக வைத்தான்.

"முன்னூறு மீட்டரில் இடதுபக்கம் திரும்பவும்" என்றது ஒரு பெண் குரல், தெளிவான தமிழில். வாசலில் டயருக்குக் காற்று பிடிக்க வந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். "இடதுபக்கம் திரும்பவும்" என்று மறுபடி சொன்னது.

தானியேல் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சரி, ஆன் ஆயிடுச்சு. எப்பப் பேசும்?"

லோகு அப்படியே நின்றுவிட்டான்.

தானியேல் செய்வதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன் வந்தால் ஏஞ்சல் கையில் கொடுத்துவிடுவது. யாராவது பேசினால் வாயையே உற்றுப் பார்ப்பது. பின்னால் லாரி ஹாரன் அலறினாலும் ஒதுங்காமல் நடு ரோட்டில் ஓட்டுவது. கொழுப்பு என்றுதானே நினைத்தான்! இத்தனை வருஷ மில் இரைச்சல் அவன் காதைத் தின்றுவிட்டிருந்தது, தோளில் ஒரு கை இருந்ததால் ஜீப்பில் மட்டும் அது வெளியே தெரியவே இல்லை.

அப்படியென்றால் இப்போது சொன்னதும் அவன் காதில் விழவில்லை. லோகு பேசாமல் போய் உட்கார்ந்துகொள்ளலாம். பார்த்திபன் நல்லவன், வாயைத் திறக்க மாட்டான். இன்னும் ஒரு வருஷம், யார் கண்டது, இரண்டு வருஷம்கூட ஓட்டிவிடலாம்.

ஆனால் மில்லில் அப்படிச் செய்கிறவனை யாரும் பக்கத்தில் சேர்ப்பதில்லை. லோகு மேஜையைச் சுற்றிக்கொண்டு போய்த் தானியேலுக்கு நேர் எதிரே நின்றான். வலது கையைத் தூக்கி, உள்ளங்கையால் கண்ணை மூடிக் காட்டினான்.

எனக்குத் தெரியல. அப்படியே நிறுத்து.

தானியேல் டீ கிளாஸைக் கீழே வைத்தான். ரொம்ப நாளாக அந்தச் சைகைக்காகக் காத்திருந்தவன்போல மெல்லத் தலையாட்டினான். பிறகு, கேபினில் உட்கார்ந்திருந்த பழைய தானியேலாகத் தன் கையைத் தூக்கிக் காதைப் பொத்திக் காட்டினான். அவன் கண் நிறைந்துவிட்டது. லோகுவுக்கு அது மங்கலாகத்தான் தெரிந்தது, இருந்தாலும் தெரிந்தது.

"சேத்துல மாட்டுன அன்னிக்கே எனக்குத் தெரியும்டா" என்றான் தானியேல். "நீயா சொல்லுவன்னு பாத்துகினு இருந்தன். லூசு, இந்த டப்பா எனக்கா? இது கத்துனா எனக்குக் கேக்குமா? உனுக்குத்தான்டா வாங்கறன். அது உன் காதுல சொல்லணும், நீ என் தோள்ல சொல்லணும்."

"நீ மட்டும் சொன்னியா, செவிட்டுப் பயலே?" என்று லோகு அவன் முகத்துக்கு நேராகக் கத்தினான். கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது.

மூன்றாவது கருவியைத்தான் எடுத்தார்கள். ஸ்டாண்டை எங்கே மாட்டுவது என்று பார்த்திபன் கேட்டபோது, இடதுபக்கம், சீட்டுக்குப் பக்கத்தில் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு சவுக்குத் தோப்பைத் தாண்டி ஜீப் கிழக்கே ஓடியது. காற்றில் உப்பு வாசம். "இடதுபக்கம் திரும்பவும்" என்றது டப்பா. லோகு தட்டவில்லை. எவளோ ஒருத்தி சொன்னாள் என்று திரும்பிவிடுவானா அவன்? இரண்டு விரலைத் தூக்கித் தானியேலின் முகத்துக்கு முன்னால் காட்டி, அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டான்.

தானியேல் தெற்கே திரும்பிப் பார்த்தான். "இன்னும் இல்லடா… இரு… கிட்ட வருது… இரு…"

லோகு அவன் தோளின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தான்.

"இப்ப ஒண்ணாச்சு" என்றான் தானியேல்.

லோகு ஒரு தட்டுத் தட்டினான்.