தவச்செல்வனுக்கு இன்னும் கொஞ்சக் காலம்

கை உயர்த்தும்போது வளையல் சத்தம் கேட்டுவிடுமே என்பதுதான் பிரசாந்தினிக்கு முதலில் வந்த பயம். நிருவாகசபையில் இருந்த ஏழு பேரில் வளையல் போட்டவள் அவள் ஒருத்திதான். அதனால் வலது கையை மெல்லத் தூக்கி, இடது கையால் வளையல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். தலைவர் தில்லைநாதன் மட்டும் திறந்த கண்ணோடு எண்ணிக்கொண்டிருந்தார்.

"சரி, கண்ணைத் திறக்கலாம்," என்றார் அவர். "நாலுக்கு மூண்டு. பயிற்றுநர் தவச்செல்வனை மாத்துறதெண்டு முடிவு."

சொல்லும்போது அவர் செயலாளர் பிரசாந்தினியின் முகத்தைப் பார்க்காமல் கூரை விளக்கைப் பார்த்தார். பயிற்றுநர் தவச்செல்வன் அவளுடைய புருசன். அந்த நேரத்தில் அவர் மண்டபத்துக் குசினிக்குள் நின்று, தன்னைப் பற்றிக் கூடிக் கதைப்பவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார்.

மாவடியூர் மத்திய கல்லூரிப் பழைய மாணவர் சங்கம், சுவிஸ் கிளை என்பது அந்தச் சங்கத்தின் முழுப்பெயர். தலைமையகம் பீல் நகரம். அதாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்குக் கிடைக்கும் அந்த மண்டபம். இப்படியான கல்லூரிச் சங்கங்கள் கோடைகாலத்தில் தங்களுக்குள் உதைபந்தாட்டப் போட்டி வைப்பது வழக்கம். கல்லூரியில் படித்தவர்களுக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை என்பதால் அவர்களின் பிள்ளைகள் விளையாடினார்கள். மாவடியூர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பெடியள் தொலைபேசியை எடுத்துத் தேடுவார்கள். ஆனாலும் நெஞ்சில் கல்லூரிச் சின்னத்தைக் குத்திக்கொண்டு ஓடினார்கள். ஓடித் தோற்றார்கள்.

தவச்செல்வன் பொறுப்பேற்ற பிறகு கிடைத்த ஒரேயொரு வெற்றி, ரெனானில் இருந்து வரவேண்டிய அணியின் வான் வண்டி நடுவழியில் பழுதாகி நின்றதால் கிடைத்தது. அந்த வெற்றிக்கே அவர் எல்லோருக்கும் பிரியாணி கொடுத்தார். இந்தக் கோடையில் அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. போன ஆட்டத்தில் நடந்ததுதான் நிருவாகசபையின் பொறுமையை முடித்துவைத்தது. பந்து தங்கள் கோலை நோக்கி உருண்டு வந்தபோது, "விடடா, விடு!" என்று தவச்செல்வன் எல்லைக் கோட்டில் நின்று கத்தினார். தூக்கித் தூர அடித்து விடு என்பது அவருடைய அர்த்தம். கோல்காப்பாளன் ஜெரோசன் பீலில் பிறந்தவன். வீட்டில் அம்மா "அதைத் தொடாதை, விடு" என்று சொல்லும் 'விடு' மட்டும்தான் அவனுக்குத் தெரியும். மரியாதையாக ஒதுங்கி நின்று, பந்தை வலைக்குள் போக விட்டான்.

"மாமா, நீங்கள்தானே விடச் சொன்னீங்கள்?" என்று அவன் கேட்டபோது தவச்செல்வன் புல்லில் அப்படியே இருந்துவிட்டார்.

மனிசனில் பிழை சொல்ல முடியாது. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் கடுகளவு சக்கரங்களை இடுக்கியால் எடுத்து வைக்கும்போது அவருக்கு இருக்கும் பொறுமையைப் பார்த்து மேற்பார்வையாளரே புகழ்ந்திருக்கிறார். மைதானத்துக்குப் போனால் மட்டும் வேறு ஆள். வீட்டிலும் அந்த ஆள்தான் இப்போது குடியிருந்தார். சாப்பாட்டு மேசையில் பருப்புக் கிண்ணம் நடுக்களத்தில் நிற்கும். அப்பளம் இடது கரையால் முன்னேறும். நித்திரையில் காலை உதைத்து, பிரசாந்தினியின் கணுக்காலில் இரண்டு முறை கோல் போட்டிருக்கிறார். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வரும் அவளுக்கு அந்தக் கணுக்கால் தேவைப்பட்டது.

அதனால்தான் அவள் கையை உயர்த்தினாள். அப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தில்லைநாதன் முடிவை அறிவித்தபோது தவச்செல்வன் தட்டத்தோடு நின்று கேட்டார். ஒரு சொட்டுத் தேத்தண்ணியும் சிந்தவில்லை. "சபையின்ரை முடிவெண்டால் சரி," என்று சொல்லி, ஆளுக்கொரு கோப்பை கொடுத்தார். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் வெடித்தார்.

"ஆர் அந்த நாலு பேர்?"

"கண்ணை மூடிக்கொண்டல்லோ இருந்தனாங்கள்," என்றாள் பிரசாந்தினி. அது பொய்யில்லை.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்ததும் அவர் விசாரணையைத் தொடங்கினார். பொருளாளர் சிவலிங்கத்தின் கடைக்குப் போய், வெண்டிக்காய் நுனியை முறித்துப் பார்ப்பதுபோல நின்று கேட்டார். சிவலிங்கம் கடைச் சாமிப்படத்தைத் தொட்டு, தான் கை தூக்கவில்லை என்று சத்தியம் செய்து, அந்த வெண்டிக்காயைச் சும்மா கொடுத்து அனுப்பினார். லா ஷோ-து-ஃபோன் நகரத்தில் இருந்த உறுப்பினர் தொலைபேசியில் அழும் நிலைக்கு வந்தார். "தவமண்ணை, உங்களுக்கு எதிராக் கை தூக்குவனோ? எனக்குத் தோள்மூட்டு நோ, தூக்கவே ஏலாது." மற்ற மூவரும் இதையே வேறு வேறு நோய்களோடு சொன்னார்கள். தில்லைநாதன் மட்டும், "தம்பி, நான் கண்டதைச் சாகுமட்டும் சொல்லமாட்டன். ஆனா என்ரை கை கீழைதான் கிடந்தது," என்றார்.

இரவுச் சாப்பாட்டின்போது தவச்செல்வன் எல்லாக் கிண்ணங்களையும் வரிசையாக வைத்துக் கணக்குப் பார்த்தார்.

"ஆறு பேரைக் கேட்டாச்சு. ஆறு பேரும் என்ரை பக்கமாம். நீரும் என்ரை பக்கம். அப்ப ஏழுக்குப் பூச்சியத்தாலை நான் வெண்டிருக்கவேணும். என்னெண்டு என்னைக் கலைச்சவங்கள்?"

பிரசாந்தினி அவருக்கு வெண்டிக்காய்க் குழம்பை ஊற்றினாள். தன்னை அவர் கேட்கவே இல்லை. கேட்காமலே தன் பக்கக் கிண்ணங்களோடு முதல் ஆளாக வைத்திருந்தார். அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். கரண்டியை வைத்தாள்.

"இஞ்சருங்கோ, நான் கை தூக்கினனான்."

"எதுக்கு?"

"உங்களை மாத்துறதுக்கு."

தவச்செல்வன் அவளைப் பார்த்தார். பிறகு தன் பக்கத்தில் நின்ற கிண்ணத்தைப் பார்த்தார். அதை எடுத்து மேசையின் மற்றப் பக்கத்தில் வைத்தார். எழும்பிப் போய் வரவேற்பறைச் சோபாவில், சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் வீட்டில் வானிலையும் பேருந்து நேரமும் மட்டும் பேசப்பட்டன. மூன்றாம் நாள் பின்னேரம், அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் இருந்தார்.

"ஏன் தூக்கினீர்?"

"உண்மையைச் சொல்லட்டோ?"

"உண்மை சொன்ன ஆள் நீர் ஒருத்திதானே. சொல்லும்."

சொன்னாள். தேத்தண்ணிப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்று எல்லா ஆட்டங்களையும் பார்த்தவள் அவள். "நீங்கள் கத்துறது ஒருத்தனுக்கும் விளங்கிறதில்லை. விளங்கினவனுக்கும் பயம். நீங்கள் கத்தினவுடனை பெடியள் பந்தைப் பாக்காமல் உங்களைப் பாக்கிறாங்கள். பந்து பேசாமல் உள்ளை போகுது."

தவச்செல்வன் ஒரு காலுறையை எடுத்துச் சோடி தேடினார். சோடி கிடைத்ததும், "சிவலிங்கத்தின்ரை வெண்டிக்காய் முத்தல்," என்றார். சமாதானம் அப்படித்தான் வந்தது.

இதற்கிடையில் சங்கம் மதுஷன் என்ற இளைஞனைப் புதிய பயிற்றுநராக்கியது. முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வைத்திருப்பவன். ஜெர்மன் மொழியான டொச்சும் பிரெஞ்சும் அவனுக்குத் தண்ணீர் மாதிரி. மடிக்கணினியில் அம்புக்குறிகள் போட்டுக் காட்டினான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பயிற்சி என்று குழுவில் செய்தி போட்டான். எல்லோரும் பெருவிரலைக் காட்டினார்கள்.

சனிக்கிழமை மைதானத்தில் மதுஷனும் ஜெரோசனும் இன்னும் இரண்டு பேரும் மட்டும் நின்றார்கள். அடுத்த சனிக்கிழமை ஜெரோசனும் வரவில்லை.

விசாரித்தபோதுதான் விசயம் தெரிந்தது. தவச்செல்வன் பயிற்றுநராக இருந்தபோது பெடியளுக்குச் செய்தி அனுப்பியதே இல்லை. விடியற்காலையில் தாய்மாரை அழைப்பார். "அக்கா, எழும்பிட்டானோ? போர்வையை இழுங்கோ. நான் கீழை நிக்கிறன்." உண்மையாகவே கீழே நிற்பார், வானோடு. மாமா கீழே நின்று ஹோர்ன் அடித்தால் பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரர் பொலிசைக் கூப்பிடுவார் என்ற பயத்தில் பெடியள் ஒரு காலில் சப்பாத்தோடு ஓடி வருவார்கள்.

"தாய்மாருக்கு நான் போன் அடிக்கேலாது," என்று மதுஷன் தில்லைநாதனிடம் கையை விரித்தான். "அவங்கள் வளந்த ஆக்கள், அங்கிள்."

"வளந்தவங்கள்தான். ஆனா எழும்பவேணுமே," என்றார் தில்லைநாதன்.

அந்த வாரமே தலைவரும் பொருளாளரும் ஒரு பெட்டி மாம்பழத்தோடு தவச்செல்வன் வீட்டு மணியை அடித்தார்கள். கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. தில்லைநாதன் தொண்டையைச் செருமி, வானிலை, விலைவாசி, முழங்கால் எல்லாம் கதைத்த பிறகு விசயத்துக்கு வந்தார்.

"தம்பி தவம், உமக்கு இன்னும் கொஞ்சக் காலம் குடுத்துப் பாப்பமெண்டு சபை யோசிக்குது."

"நானெண்டால் என்னை மூண்டாவது தோல்வியோடையே கலைச்சிருப்பன்," என்றார் தவச்செல்வன். "நீங்கள் இவ்வளவு நாளும் என்ன பாத்துக்கொண்டிருந்தனீங்கள்?"

சிவலிங்கம் பெட்டியைத் திறந்தார். ஒரு மாம்பழத்தை எடுத்து மணந்து பார்த்தார்.

"என்னட்டைக் கேக்காதேங்கோ. செயலாளரைக் கேளுங்கோ. அவ சொல்லுறதுதான் எனக்கு முடிவு."

தில்லைநாதனுக்கு இருமல் வந்துவிட்டது. பிரசாந்தினி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "மதுஷன் விளையாட்டைச் சொல்லிக் குடுக்கட்டும். இவர் பெடியளை எழுப்பிக் கொண்டுவரட்டும். பேர் தலைமைப் பயிற்றுநர் எண்டே இருக்கட்டும். ஆனா மைதானத்திலை வாய் திறக்கக்கூடாது."

"ஒரு சொல்லும்?" என்றார் தவச்செல்வன்.

"ஒரு எழுத்தும்."

ஆட்டத்தன்று அவளுக்கு அவர் வாக்கில் முழு நம்பிக்கை வரவில்லை. ஆகவே முதல் நாளே தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து, பல்லில் ஒட்டும் தொதல் கிண்டி, நல்ல இறுகலாக வெட்டிக் கொண்டு வந்திருந்தாள். நடுவர் ஊதியதும் ஒரு பெரிய துண்டை அவர் வாயில் வைத்தாள். அதை மென்று முடிக்கும்போது அடுத்த துண்டு தயாராக இருந்தது. மதுஷன் டொச்சிலும் பிரெஞ்சிலும் மெதுவாகச் சொல்லச் சொல்ல, பெடியள் பந்தைப் பார்த்து விளையாடினார்கள். எதிரணி ஒரு கோல் போட்டது. தவச்செல்வனின் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் துண்டின் அளவைக் கூட்டினாள்.

பிறகு, ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், அது நடந்தது. யாரோ அடித்த பந்து யாரோ ஒருவனின் முதுகில் பட்டு எதிரணியின் வலைக்குள் போனது. முதுகு மாவடியூர் முதுகு. இந்தக் கோடையின் முதல் கோல்.

மைதானமே எழும்பியது. தில்லைநாதன் தன் முழங்காலை மறந்து துள்ளினார். சிவலிங்கம் எதிரணியின் தலைவரைக் கட்டிப் பிடித்தார். பெடியள் எல்லோரும் நேராகத் தவச்செல்வனிடம் ஓடிவந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஜெரோசன் வந்து அவர் கழுத்தில் தொங்கினான். அவருக்கும் கண் கலங்கியது. தலையைத் தடவித் தடவிக் கொடுத்தார்.

மற்றவர்கள் திரும்பிப் போனார்கள். ஜெரோசன் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தான். மைதானத்தின் அந்தக் கரையில் அவன் நிற்கவேண்டிய கோல் வாசல் வெறுமையாகக் கிடந்தது. எதிரணிக்காரன் ஒருவன் நடுவில் பந்தை வைத்துவிட்டு அந்த வெறுமையை ஆசையோடு பார்த்தான். பிரசாந்தினி அதைக் கண்டாள். தவச்செல்வனும் கண்டார்.

அவர் வாயில் அப்போதுதான் வைத்த தொதல், பல்லோடு பல்லை ஒட்டிக்கொண்டு கிடந்தது. கண்கள் வெளியே வந்தன. "ம்ம்! ம்ம்ம்!" என்று ஜெரோசனைப் பிடித்துத் தள்ளினார். மாமா சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்து அவன் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். நடுவர் ஊதினார். பந்து நடுக்கோட்டில் இருந்து உயர்ந்து, அவசரமே இல்லாமல் வந்து, இரண்டு தரம் குத்தி வலைக்குள் போய்ப் படுத்தது.

"கத்துங்கோ! ஏன் கத்தேல்லை?" என்று பிரசாந்தினி தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மைதானத்தில் கத்தினாள்.

ஒன்றுக்கு இரண்டு. தோல்விதான். ஆனால் வானில் ஏறிய பெடியளைப் பார்த்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. முதுகால் கோல் போட்டவனைப் பின் இருக்கையில் சாமி மாதிரி நடுவில் இருத்தி, ஜன்னலைத் திறந்து பாடிக்கொண்டு வந்தார்கள். மைதானத்து வாசலிலேயே தில்லைநாதன் நிருவாகசபையினரைக் கூட்டி வைத்துக் கேட்டிருந்தார். அடுத்த கோடையும் தவச்செல்வனும் மதுஷனும் என்று முடிவாகியிருந்தது. முதலில் வாய் திறந்து கேட்டவள் செயலாளர்தான். "இவர் இருக்கட்டும் அண்ணை. இவருக்குக் கத்த வேண்டிய நேரமும் இருக்குது. எப்பவெண்டு நான் பக்கத்திலை நிண்டு சொல்லுறன்," என்றாள்.

ஏரிக்கரை வீதியில் வான் திரும்பும்போது தவச்செல்வன் கடைசித் துண்டை ஒருவாறு விழுங்கி முடித்தார். நாக்கால் பல்லெல்லாம் துழாவிப் பார்த்துக்கொண்டார்.

"நல்ல தொதல்," என்றார். "எண்டாலும் அடுத்த முறை கொஞ்சம் இளக்கமாக் கிண்டும்."