பலகையில் இல்லாத பத்தொன்பது பேர்

ஜெயராஜுக்குக் குளிர்காய்ச்சல் கண்டதும் ஆஸ்பத்திரியில் கொயினா மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் விழுங்கினான். வாய் கசந்தது, காது இரைந்தது. சூலியா தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த கார்த்திகேசு, "அதைத் தூக்கிப் போடு தம்பி. என் கஷாயம் குடிச்சு நூறு பேர் எழுந்து நடமாடுறாங்க" என்று, அந்த நூறு பேரின் பெயரை எழுதி வாசலில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினான். ஜெயராஜ் நம்பி, கொயினாவை விட்டுக் கஷாயம் குடித்தான். பதினோராம் நாள் செத்துப்போனான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் மனைவி அக்னஸ் அந்தப் பலகை முன்னால் போய் நின்றாள். பிழைத்தவர்கள் பெயர்தான் இருந்தது. செத்தவர்கள் ஒருவர்கூட இல்லை.

"இவனைச் சும்மா விடமாட்டேன்."

அக்னஸ் வீடு வீடாகப் போய்த் துணி தைத்துக் கொடுப்பவள். நான்கு மாதம், போன வீட்டிலெல்லாம் கேட்டாள்: யாருக்குக் காய்ச்சல் வந்தது, என்ன குடித்தார்கள், பிழைத்தார்களா? கஷாயம் குடித்துச் செத்தவர்கள் ஜெயராஜோடு சேர்த்துப் பத்தொன்பது பேர். ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர். ஒன்றுமே குடிக்காமல் போர்த்திப் படுத்தவர்களிலும் ஆறு பேருக்கு ஒருவர்தான் செத்திருந்தார். கொயினாவை விடாமல் விழுங்கியவர்களில் நாற்பது பேருக்கு ஒருவர்.

ஒரு சனிக்கிழமை காலை, கடைத்தெருவில் கூட்டம் நெரியும் நேரம், மற்றப் பதினெட்டு வீட்டாரையும் கூட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றாள். அவர்களில் நல்லம்மாள் முதலில் செத்துப்போன தன் மகன் பெயரைச் சொன்னாள். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று வரிசையாகச் சொன்னார்கள். கடைசியாக அக்னஸ், "ஜெயராஜ்" என்றாள்.

கார்த்திகேசு சிரித்தான். "விதி முடிஞ்சவன் எதைக் குடிச்சாலும் சாவான், தங்கச்சி. நான் என்ன செய்ய?"

"அப்போ விதி முடியாதவன் உன் கஷாயம் குடிக்காட்டியும் பிழைப்பான். இந்த நூறு பேரை நீ எப்படிக் காப்பாத்தினே? சொல்லு!"

அவன் கடைக்குள் திரும்பினான்.

பலகையில் முதல் பெயருக்குரிய துணிக்கடை அப்துல் ரஹீம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என் பேரை அழிச்சிடு."

மத்தியானத்துக்குள் முப்பது பேர் வந்து தங்கள் பெயரையும் அழிக்கச் சொன்னார்கள். மாதம் முடியுமுன் கடையில் பூட்டுத் தொங்கியது.

"போதும் அக்னஸ், விட்டுடு" என்றாள் நல்லம்மாள்.

"எப்படி விடுறது? கொயினாவை விட்டிருக்காட்டி என் புருஷன் இன்னிக்கு இருந்திருப்பாரு. இவன் இன்னும் மருந்து விக்கத்தானே போறான்?"

கார்த்திகேசு கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் ஊரில், புதுக்கடை போட்டிருப்பதாகச் சேதி வந்தது. அன்றைக்கே அக்னஸ் படகுத்துறைக்கு நடந்தாள்.