இருதலைப் பறவையின் முட்டை

என் வீட்டுக்காரர் இனியன் தியேட்டரில் தூங்கினார் என்பதற்கு ஆதாரம் கிடைக்காமல் நான் ரொம்ப நாளாகத் தவித்துக்கொண்டிருந்தேன். இருதலைப் பறவை படம் பார்க்கப் போனபோது இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. அரிசிச் சிப்பம் போல அசையாமல் கிடந்தது. கேட்டால், "கண்ண மூடிட்டு மியூசிக் கேட்டேன் கயலு" என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லித்தான் நான் காபி கொடுப்பேன்.

தூங்கக்கூடிய படமா அது? அந்தப் பறவை இனத்தில் மிஞ்சிய ஒரே முட்டை, கடைசிக் காட்சியில் கல்பீடத்தின் மேல் கூர்முனை வானத்தைப் பார்க்க நிற்கும். சுற்றிலும் விளக்கேற்றி ஊரே விரதமிருக்கும். பொரிக்காது. உள்ளேயே குஞ்சு செத்துப்போகும். நான் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

அந்த முட்டையைத்தான் இப்போது நானே செய்துகொண்டிருந்தேன். படங்களில் வரும் பொருள்களை ரசிகர்கள் அச்சு அசலாகச் செய்து வைக்கும் கண்காட்சி ஒன்றைச் சேலத்தில் சத்யபிரியா என்ற பெண் நடத்துகிறாள். போட்டியும் உண்டு. படத்தில் இருப்பதுபோல் இம்மி பிசகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. வாழ்க்கையில் நான் கலந்துகொள்ளும் முதல் போட்டி. பள்ளிக்கூடத்தில் எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்துக்குக்கூட என்னைச் சேர்த்ததில்லை. அதனால் இதை நான் உயிராக நினைத்தேன்.

ரெசினில் வார்த்த முட்டை கூரியரில் வந்தது. நல்ல பூசணிக்காய் அளவு, வெளுத்த நிறம், நடுவில் அச்சின் கோடு, அங்கங்கே காற்றுக்குமிழி விழுந்த குழி. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் நான் கணக்கு பார்க்கிறேன். லாரியில் பள்ளம் அடைக்கப் பூசும் பட்டியையே குழிகளில் பூசினேன். காய்ந்ததும் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். கோடு மறையும் வரை தேய்த்ததில் என் கைரேகையும் பாதி மறைந்தது. பட்டறை பெயிண்டர் தீர்த்தகிரி அண்ணன் பிரைமர் அடித்துக் கொடுத்தார்.

"சைடுல ஒரு ரோசாப்பூ போட்டுடட்டுங்களா?" என்றார்.

"வேண்டாங்ண்ணா."

"வெறும் முட்டையா இருக்குதுங்களே. ஒரு தாமரையாச்சும்?"

பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உச்சியில் பழைய தந்தத்தின் நிறம், நடுவில் செம்பு, அடியில் விளக்குப் புகை படிந்த கருப்பு. பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, ஈரமே இல்லாத மாதிரி ஆக்கி, மேடுகளில் மட்டும் படும்படி இழுத்தால் நூறு வருடப் பழசு வந்துவிடும். கடைசியாகப் பளபளப்பில்லாத வார்னிஷ். தீர்த்தகிரி அண்ணன் பார்த்துவிட்டு, "கழுவாத முட்டையாட்டம் இருக்குதுங்க" என்று வருத்தப்பட்டார். எனக்கு அதுவே பாராட்டு.

படத்தில் உள்ளதுபோல் செய்த பீடத்தில் ஒட்டுவது மட்டும் பாக்கி. மறுநாள் கண்காட்சி. அன்றைக்கு எனக்குப் பட்டறை, என் வீட்டுக்காரருக்கு லீவு.

"ஏனுங்க, ரெண்டு டியூப் பசையையும் சமமாக் கலந்து ஒட்டி வெச்சிருங்க. எப்பிடி நிக்கோணும்னு தெரியுமில்ல?"

"நாந்தான் படம் பாத்தேனே!"

சாயங்காலம் வந்து பார்த்தேன். கூர்முனை பீடத்துக் குழிக்குள் இறங்கியிருந்தது. அகலமான பக்கம் மேலே. நான் அடியில் பூசிய புகைக்கருப்பு உச்சிக்குப் போய், முட்டை தலைக்கு டை அடித்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் நின்றது. பிடித்து இழுத்தேன். பீடமும் சேர்ந்து வந்தது.

இனியன் வேலை பார்ப்பது குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில். தட்டுத் தட்டாக முட்டைகளைக் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி மிஷினுக்குள் அனுப்புவதை மேற்பார்க்கும் ஆள். அந்தக் கையில் என் முட்டையைக் கொடுத்தது என் புத்திகெட்ட வேலை. போட்டி போனது என்று ஆத்திரமாக இருந்தது. அதோடு, ஆதாரம் சிக்கியது என்று அற்ப சந்தோஷமும் வந்தது.

"ஏனுங்க, படத்துல முட்டை எப்பிடி நின்னுச்சு?"

"கூரு மேல பாத்தாப்புல."

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"தெரிஞ்சுமா இப்பிடி ஒட்டுனீங்க?"

கழுத்தைச் சொறிந்தார். "கை பழக்கத்துல போயிருச்சு. ஒட்டுன பொறவுதான் நெனப்பு வந்துச்சு. சட்டுனு பிரிச்சுருக்கலாம். மனசு வரல. அப்பிடி வெச்சதுனாலதான கயலு அது செத்துச்சு? காத்துப்பை அகலமான பக்கந்தான இருக்கும். அது கீழ போயிட்டா குஞ்சு எப்பிடி மூச்சு உடும்? ஊரே வெரதம் இருக்குது, முட்டைய எப்பிடி வெக்கோணும்னு ஒருத்தனுக்கும் தெரியல. எந்திரிச்சுக் கத்தலாமான்னு இருந்துச்சு எனக்கு."

"அப்ப முழிச்சுத்தான் இருந்தீங்களா?"

"நீ அழுதுட்டிருந்த. நான் தலையத் தூக்குனா நீ கண்ணத் தொடச்சுட்டுச் சிரிப்ப. அதான் அப்பிடியே கெடந்தேன்."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா அப்பறம் எதைச் சொல்லி என்னைய ஓட்டுவ?"

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அந்த மனுஷன் மேல் வந்த பிரியம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவர் ரம்பத்தை எடுத்து வந்து, "அறுத்துடட்டுமா?" என்று கேட்டார். அறுத்தால் திருப்பி ஒட்டலாம். போட்டியிலும் நிற்கலாம். நான் ரம்பத்தை வாங்கி மேசைக்கடியில் வைத்தேன்.

"பொரிக்கிற முட்டை மொதல்ல எங்க ஒடையும்?"

உச்சியிலிருந்து நாலு விரல் கீழே தொட்டுக் காட்டினார். "இங்க கொத்தும்." கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் இன்னொரு இடத்தையும் தொட்டார். "ரெண்டு தலையில்ல? இங்கயும்."

பிளேடால் இரண்டு இடத்திலும் நட்சத்திரம்போல் விரிசல் கீறினேன். பிளவுக்குள் மஞ்சள் பூசி, விளிம்பில் வெள்ளை இழுத்தேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, சத்தம் கேட்கும் என்பதுபோலக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சேலத்தில் சத்யபிரியா தன் போனில் படக்காட்சியை வைத்து ஒப்பிட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "தலைகீழா இருக்கேக்கா. இந்த விரிசலும் படத்துல இல்லையே. போட்டியில சேக்க முடியாதே."

"சும்மா ஓரமா வைம்மா. இது செத்துப்போவாத முட்டை."

 அவளும் அந்தக் காட்சியில் அழுதவள்தானே, முட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு நேராக வைத்தாள்.

கண்காட்சி முடிந்து திரும்பும்போது நாமக்கல் பஸ்ஸில் முட்டை என் மடியில், அவர் தலை என் தோளில். இந்த முறை குறட்டை முன்சீட்டுக்காரரையே திரும்பிப் பார்க்க வைத்தது. நான் தோளை நகர்த்தவில்லை. ஊர் வந்ததும் எழுப்பிக் கேட்டேன், தூங்கிட்டீங்களா என்று.

"இல்ல கயலு, கண்ண மூடிட்டுப் பாட்டுக் கேட்டேன்."

பஸ்ஸில் பாட்டே போடவில்லை.