விதையோடு அரைத்த சாறு

அரசாங்கம் கொடுத்த இலவச மிக்ஸி கடகடவென்று ஓடி நின்றது. பெரியநாயகசாமி சாத்துக்குடிச் சாற்றை வடிகட்டி டம்ளரில் ஊற்றினார். விடியற்காலை பஸ்ஸில் மாயவரத்திலிருந்து வந்திருந்த கொழுந்தியாள் பாத்திமா மேரி, இனிப்பு போதுமா என்று ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். முகம் கோணிக்கொண்டது.

“என்னத்தான், இப்படிக் கசக்குது? விதைய எடுக்கலியா?”

“விதையிலதானம்மா உசுரே இருக்கு? அத எப்படித் தூக்கிப் போடுறது?”

நாற்பது வருஷம் விதைநெல்லோடு புழங்கிய மனுஷர். வயலில் எரிவாயுக் குழாய் பதிக்க வந்தவர்களை மறித்து, பதினைந்து நாள் ஜெயிலில் இருந்துவிட்டும் வந்தவர். மண்ணைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. சமையற்கட்டைப் பற்றி யாராவது எடுத்திருக்கலாம். மனைவி மரியபுஷ்பம் படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்தப் பக்கமே வந்தார். நாலு மாதமாகக் காலையும் மாலையும் அவர் கையால்தான் அவளுக்குச் சாறு. நோயாளிக்கென்று போட்டதில் நாம் வாய் வைக்கலாமா என்று ஒரு சொட்டுகூட ருசி பார்த்ததில்லை.

இப்போது பார்த்தார். தொண்டைவரை கசந்தது.

டம்ளரை மூடி வைத்துவிட்டுக் கட்டிலண்டை போனார். இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம். நேற்று பங்குச்சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதலும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

“புஷ்பம், நான் போட்டுக் குடுத்த ஜூஸு கசந்துச்சா?”

அவள் கண்ணைத் திறந்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு. “ஆமா.”

“ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு அடுப்படிக்கு வந்தீங்க.” மூச்சு வாங்கினாள். “சொன்னா... திரும்பிப் போயிருவீங்களேன்னுதான்.”

இவள் போவதற்குள் ஒரு வாயாவது நல்லதாகக் கொடுத்துவிட வேண்டும். திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் வாங்கியதில் மிச்சம் ஒரே ஒரு பழம். மிக்ஸியைத் தொடவில்லை. சுளை சுளையாகப் பிரித்து நகத்தால் விதையை நெம்பினார். விதைகள் வழுக்கி வழுக்கிப் போயின. பாத்திமா மேரி உதவிக்கு வந்தாள்.

“நானே செஞ்சிடறேம்மா.”

மெல்லிய துணியில் பிழிந்து எடுத்து வந்து கரண்டியால் புகட்டினார். ஒரு கரண்டி இறங்கியது. இரண்டாவதும்.

“இனிக்குதா?”

கண்ணை மூடியபடி லேசாகத் தலையை அசைத்தாள். மூன்றாவது கரண்டி கடைவாயில் வழிந்தது. அதைத் துண்டால் துடைத்துவிட்டு நாலாவதை எடுத்தார். பாத்திமா மேரிதான் அவர் கையைப் பிடித்தாள்.

“போதும் அத்தான். அக்கா போயிடுச்சு.”

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்தபோது, காலையில் மூடி வைத்த டம்ளர் அப்படியே இருந்தது.

“அதக் கீழ ஊத்திடறேன் அத்தான்,” என்றாள் பாத்திமா மேரி.

“இரும்மா.”

டம்ளரை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தார். முகம் கோணாமல், மடக்கு மடக்காக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு எழுந்து போய் டம்ளரைக் கழுவி, புஷ்பம் எப்போதும் கவிழ்க்கும் இடத்தில் கவிழ்த்து வைத்தார்.