பதினைந்தடி உயரச் சிரிப்பு

பஸ் நிலையத்துக்கு எதிரே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே, அப்சானா பதினைந்தடி உயரத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கிய அப்சானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பேனரில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'புற்றுநோயிலிருந்து 3,214 பேரைக் காத்த கோவில்பட்டித் தங்கமே, வருக!'

அவள் ஒருவரையும் காத்ததில்லை. ஊசி போடத் தெரியாத, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய டாக்டர் அவள். சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களின் விவரங்களை ஆராய்ந்து கட்டுரை எழுதுகிறவள். அந்தக் கட்டுரைகளை உலகமெங்கும் மற்ற ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கைதான் 3,214. அதிலும் கொஞ்சம், அவளே தன்னை மேற்கோள் காட்டிக்கொண்டது. கல்யாணப் பேச்சை எடுத்த குத்புதீன் மாமாவின் வாயை அடைக்கத்தான் போனில் அந்த எண்ணை அள்ளி வீசியிருந்தாள். மாமா பாத்திரக்கடைக்காரர். கையில் கிடைத்ததைப் பளபளவென்று துலக்கி வெளியே தொங்கவிடுவது அவர் பழக்கம்.

பாராட்டு விழா நடக்கவிருந்த வியாபாரிகள் சங்க மண்டப வாசலிலேயே அவரைப் பிடித்தாள்.

"மாமா, என்ன அநியாயம் இது?"

"ஏன், போட்டோ நல்லா இல்லையா?"

"காத்தேன்னு யாரு சொன்னா?"

"மேற்கோள்னு போட்டா இங்கன எவனுக்கு வெளங்கும்? ஒன் படிப்பு மூவாயிரம் பேருக்கு ஒதவியிருக்கு. ஒதவுனா காத்த மாதிரிதானட்டி. பிளெக்ஸ்ல எடம் வேற கம்மி."

உள்ளே தள்ளிக்கொண்டு போய் மேடையில் ஏற்றிவிட்டார்கள். மாலை விழுந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, மேடைக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே மகன் வந்தான்.

"தாயி, நான் நாகலாபுரம். ரெங்கம்மா. ஆடு மேய்க்கிறவ. கர்ப்பப்பை வாயில புத்துன்னு நெல்லைல கரண்டு வச்சாக. பாதி முடிஞ்சிச்சு. பஸ்ஸு மாறுத எடத்துல ஒன் போட்டோவப் பாத்தேன். இம்புட்டுப் பேரக் காப்பாத்துனவ நம்ம ஊருக்கே வாரா, அப்புறம் அங்கன போயி வயித்தச் சுட்டுக்கிடணுமான்னு விட்டுட்டேன்."

அப்சானா அந்தக் கையை இறுகப் பற்றினாள். "எப்ப விட்டீங்க?"

"பேனரு கட்டுன அன்னைக்கேக்கா," என்றான் மகன் சீனி. "ஒரு வாரம் தாண்டிட்டு. சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

அவளுடைய கட்டுரைகளிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஒன்று உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சை நடுவில் நிறுத்தினால், தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் குணமாகும் வாய்ப்பைக் குறைக்கும் என்று சொல்லும் கட்டுரை. நார்வேக்காரன் அதைப் படித்திருக்கிறான், பிரேசில்காரி படித்திருக்கிறாள். அதைப் பாராட்டிக் கட்டிய பேனர், இதோ, நாகலாபுரத்துக்காரியின் சிகிச்சையை நடுவில் நிறுத்தியிருக்கிறது.

வந்ததே கோபம். சென்னையில் இத்தனை வருடமாக இஸ்திரி போட்டு வைத்திருந்த தமிழ் ஒரு நொடியில் கசங்கிப்போனது.

"யாரு விடச் சொன்னா ஒங்கள? நான் ஒருத்தரையும் காப்பாத்தல! எல்லாரும் கேட்டுக்கிடுங்க, ஒருத்தரையும் காப்பாத்தல!"

மைக் ஆனில் இருந்தது. பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கை தட்டினார்கள்.

"அப்ப அந்த மூவாயிரம் பேரு?" என்றாள் ரெங்கம்மாள்.

"அவிய நோயாளி இல்லக்கா. என்ன மாதிரி எழுதுதவிய."

"எழுதுதவியளா!" ரெங்கம்மாள் கையை உதறினாள். 'தாயி' போய் 'ஏட்டி' வந்தது. "ஏட்டி, அப்ப என்னத்துக்கு ஒனக்கு மாலை?"

வெளிநாட்டு மாநாடுகளில் எத்தனையோ குடைச்சல் கேள்விகளைச் சமாளித்தவள். இந்தக் கேள்விக்கு மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"திட்டுங்க. கார்ல உக்காந்து திட்டுங்க. இன்னைக்கே மெஷினுக்குப் போவணும்."

"ஏமாத்துக்காரிகூட எவ வருவா?"

"நடுவுல விட்டா அது மறுபடியும் வளரும்க்கா. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதத்தான் எழுதுனேன். அதுக்குத்தான் அந்த மூவாயிரமும்."

ரெங்கம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த எழவ பேனர்ல எழுதித் தொலைக்கதுக்கென்னட்டி?"

அப்சானா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கார் சாவி."

"விருந்து வச்சிருக்கேனேட்டி..."

"சாவி!"

கடைசியில் நெல்லைக்கு அவரே ஓட்டினார். பாதி வழியில் கயத்தாறு தாண்டும்வரை ரெங்கம்மாள் அவரைத் திட்டினாள், தாண்டியபின் அப்சானாவை. நடுவே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, டாக்டர் என்ற பட்டத்தை வாழ்க்கையில் முதல்முறையாக அதட்டலாகப் பயன்படுத்தி, சாயங்காலம் மெஷினில் ஒரு இடம் வாங்கினாள் அப்சானா. அங்கிருந்த மருத்துவர் பரிசோதித்துவிட்டு, விட்ட நாட்களை ஈடுகட்டப் பார்ப்போம் என்றார். உறுதி எதுவும் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பது அப்சானாவுக்குத் தெரியும். உறுதி சொல்ல முடியாது என்பதையே பக்கம் பக்கமாக எழுதியவள் அவள்.

முறை வந்தது. உள்ளே போகும்முன் ரெங்கம்மாள் நின்றாள்.

"நீயும் உள்ள வாரியா?"

"விட மாட்டாங்கக்கா. கதவுக்கு வெளிய நிக்கேன்."

"நாளைக்கு?"

ராத்திரி சென்னைக்கு ரயில் டிக்கெட் இருந்தது.

"வாரேன்."

"வா. இன்னும் திட்டி முடிக்கல," என்றபடி ரெங்கம்மாள் உள்ளே போனாள். கனத்த கதவு மெதுவாக மூடிக்கொண்டது.